பழைய இறப்புப் பதிவுகளில் வரும் லத்தீன் சொற்களை வாசிப்பது எப்படி? டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வர்த்திலும் டொங்காட்டிலும் குடும்ப வேர் தேடுகிறவர்களோடு உட்கார்ந்து பழைய காகிதங்களை வாசிக்க உதவி வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். லத்தீன் சொல் ஒன்று கண்ணில் படும். அகராதியைப் பார்த்து 'இறந்தார்' என்று பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் 'இறந்தார்' என்பதோடு நிற்பதில்லை. யாருக்கு முன்னால் இறந்தார், யாரை விட்டுவிட்டு இறந்தார், அப்போது அப்பா இருந்தாரா இல்லையா என்றும் சொல்கின்றன. வம்சாவளி எழுதுகிறவர்களுக்கு அந்த முன்பின்தான் முக்கியம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரின் நினைவு. காகிதத்தைக் காட்டுவதற்கு முன்பே ஆயாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தாத்தா போனது எந்த மாதம், திதி எப்போது கொடுப்பார்கள், புரட்டாசி விரதத்துக்கு முன்னா பின்னா, அப்போது வீட்டில் குழந்தைகள் எத்தனை பேர். காகிதத்தைக் காட்டிவிட்டுக் கேட்டால் அவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அப்புறம் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது, ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் எண். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நாயுடு, பிள்ளை, கோவெந்தர், மூட்லி என்று ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். எண் ஒருவருக்குத்தான்.

மூன்றாவது, பென்சிலும் கோடு போடாத தாளும். தாளின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு இடப்பக்கம் 'அன்று உயிரோடு', வலப்பக்கம் 'அன்றைக்கு முன்பே இறந்தவர்' என்று தலைப்பு எழுதுங்கள். ஆறாவது படியில் இது உதவும்.

2. எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள்

ஒரே லத்தீன் சொல் பாதிரியார் கையில் ஒரு பொருளும் வக்கீல் கையில் வேறு பொருளும் தரும். அதனால் சொல்லுக்குப் போவதற்கு முன் காகிதம் எங்கிருந்து வந்தது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று இடங்கள்.

ஒன்று, இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம். இந்தக் காகிதங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கடிதங்களின் தேதிகளில் மட்டும் லத்தீன் சுருக்கம் எட்டிப்பார்க்கும்.

இரண்டு, மாஸ்டர் ஆபீஸின் (இறந்தவர் சொத்தைப் பிரிப்பதை மேற்பார்வையிடும் அரசு அலுவலகம்) எஸ்டேட் ஃபைல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் எம்.எஸ்.சி.இ. என்ற குறியீட்டின் கீழ் இருப்பது இதுதான். தென்னாப்பிரிக்கச் சொத்துரிமைச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் வந்தது. அதனால் ஆங்கிலத் தாளுக்குள்ளேயே லத்தீன் சட்டச் சொற்கள் நிறைய கலந்திருக்கும்.

மூன்று, கத்தோலிக்கக் கோயில் பதிவேடு. இங்கே வரி முழுவதுமே லத்தீனில் இருக்கக்கூடும். நேட்டாலில் ஊழியம் செய்த ஓப்ளேட் சபைக் குருக்களில் பலர் பிரெஞ்சுக்காரர்கள். தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ் வழியாக வந்த குடும்பம் என்றால் நோட்டரி பத்திரம் ஒன்றும் இருக்கலாம். அதில் 'டெ குயுஸ்' என்று வந்தால் யாருடைய சொத்தைப் பிரிக்கிறார்களோ அந்த இறந்தவர் என்று பொருள். அது ஆள் பெயர் இல்லை.

3. சொல்லுக்கு முன் தேதியைப் படியுங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். நானும் இங்கே தவறியிருக்கிறேன்.

கோயில் பதிவேட்டின் வரி பெரும்பாலும் 'டியே' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் 'சாவது' என்பதற்கு எழுதும் அதே மூன்று எழுத்துகள்தான். லத்தீனில் அதற்கு 'நாளில்' என்றுதான் பொருள். டியே 5 ஏப்ரிலிஸ் என்றால் ஏப்ரல் 5-ஆம் நாள், அவ்வளவுதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் இதைப் பார்த்து, பிறந்து சில நாளில் குழந்தை இறந்துவிட்டது என்று எழுதிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா தன் பாட்டியின் அக்காவை இப்படியே குடும்ப மரத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, ஏழு பிள்ளை பெற்றவர்.

அடுத்தது மாதம். 7 போட்டு அதன் பக்கத்தில் 'பிரிஸ்' என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. ரோமானியர்கள் ஆண்டை மார்ச்சில் தொடங்கிய காலத்துப் பெயர்கள் இவை: செப்டெம் என்றால் ஏழு, ஒக்டோ எட்டு, நோவெம் ஒன்பது, டெசெம் பத்து. அதனால் 8-பிரிஸ் அக்டோபர், 9-பிரிஸ் நவம்பர். 10 அல்லது ரோமன் பத்தைக் குறிக்கும் பெருக்கல் குறி போன்ற எழுத்து வந்தால் டிசம்பர். ஒரு குடும்பம் ஜூலை என்று எழுதி வந்திருந்தது. வீட்டுப் பெரியவர் மட்டும் "மாதா திருவிழா முடிந்து மூணாம் நாள்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 8-லிருந்து எண்ணிப் பார்த்தோம். பதிவேடு அவர் சொன்னபடியே இருந்தது. முதல் படியில் மூத்தவரை முன்கூட்டியே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆங்கிலக் கடிதங்களில் 'அல்ட்', 'இன்ஸ்ட்', 'ப்ராக்ஸ்' என்ற சுருக்கங்கள் வரும். அல்டிமோ என்றால் கடிதத் தேதிக்கு முந்தைய மாதம், இன்ஸ்டன்ட் அதே மாதம், ப்ராக்ஸிமோ அடுத்த மாதம். கடிதம் 1904 ஜனவரி 3 தேதியிட்டிருந்து, கூலி '28 அல்ட்' இறந்தார் என்றால் இறந்தது 1903 டிசம்பர் 28. மாதத்தோடு ஆண்டும் பின்னால் போகிறது. நான் இதைக் கவனிக்காமல் 1904 பதிவேட்டில் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

வயதிலும் ஒரு கண்ணி உண்டு. 'அன்னோ எதாதிஸ் சுயே 45' என்பது '45-ஆவது வயது நடக்கையில்' என்று பொருள்படும். அதாவது நிறைந்தது 44. நம்மூரில் 'நாப்பத்தஞ்சு நடக்குது' என்பது போலத்தான். ஆனால் எழுதிய எல்லோரும் இந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் பின்பற்றவில்லை. அதனால் பிறந்த ஆண்டை ஒரே எண்ணாகக் குறிக்காமல் இரண்டு ஆண்டு இடைவெளியாகக் குறித்து வையுங்கள்.

இன்னும் மூன்று சொற்கள்: 'ஹோதியே' இன்று, 'ஹேரி' நேற்று, 'ப்ரிதியே' முந்தைய நாள். அடக்கம் செய்த தேதியை முதலில் எழுதி, 'ப்ரிதியே இறந்தார்' என்று குரு தொடர்ந்திருந்தால் இறந்த நாளுக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும்.

4. பெயரை அடையாளம் காணுங்கள்

லத்தீனில் பெயரின் வால் மாறும். அந்தோனியுஸ் இறந்தார், அந்தோனியும் என்பவரை அடக்கம் செய்தேன், அந்தோனீ என்பவரின் மகன். மூன்றும் ஒரே அந்தோணிதான். 'முருகன், முருகனை, முருகனின்' என்று நாம் வேற்றுமை உருபு சேர்ப்பதைப் போல. இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று ஆட்களாக எழுதிவிட்டால் மரம் முழுக்கக் கோணிவிடும்.

அப்புறம், தமிழ்க் கிறிஸ்தவப் பெயரைக் குரு லத்தீனாக்கி எழுதியிருப்பார். வீட்டில் இராயப்பன், பதிவேட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேஃபுஸ். யாகப்பன் யாகோபுஸ். முடியப்பன் ஸ்தெஃபானுஸ். பெலவேந்திரன் அந்த்ரெயாஸ். இன்னாசி இக்னாதியுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இந்தப் பட்டியலைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'எங்கள் பெலவேந்திரன் தாத்தா பதிவேட்டில் இல்லவே இல்லை' என்று சொல்லி வந்தவர்களுக்கு அந்த்ரெயாஸ் என்று தேடியதும் கிடைத்திருக்கிறார்.

5. இறப்பைச் சொல்லும் சொல்லைப் பிடியுங்கள்

இப்போதுதான் இறப்புச் சொல்லுக்கு வருகிறோம். தேதியும் பெயரும் தெளிவான பிறகு இது சுலபம்.

'ஒபியிட்' காலமானார். சுருக்கமாக முதல் இரண்டு எழுத்தும் புள்ளியும் மட்டும் இருக்கலாம். 'மோர்துவுஸ்', 'தெஃபுங்க்துஸ்' ஆணுக்கு. முடிவு ஆகாரமானால், மோர்துவா, தெஃபுங்க்தா, பெண்ணுக்கு. 'செபுல்துஸ்', 'செபுல்தா' என்றால் அடக்கம் செய்யப்பட்டார். இறந்த தேதியும் அடக்கத் தேதியும் ஒன்றல்ல. ஒரே தேதிதான் இருக்கிறது என்றால் அது எந்தச் சொல்லுக்கு உரியது என்று பார்த்து அப்படியே எழுதுங்கள்.

'நாதுஸ்' பிறந்தவர். 'தெனாதுஸ்' இறந்தவர். மங்கிப்போன மையில் முன்னால் இருக்கும் 'தெ' கண்ணில் படாது. பிறப்பு என்று எழுதுமுன் அந்தச் சொல்லுக்கு இடப்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

'சாக்ரமென்திஸ் முனிதுஸ்' என்றால் கடைசி அருட்சாதனங்கள் பெற்று இறந்தார். குரு வந்து சேரும்வரை உயிர் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. 'சுபிதானெயா மோர்தே' திடீர்ச் சாவு. இப்படி வந்தால் விசாரணைக் காகிதம் எங்காவது இருக்கலாம், தேடுங்கள்.

இறப்புச் சான்றிதழில் காரணமாக 'தைசிஸ்' என்று வந்தால் அது காசநோய். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். எழுத்துக்கூட்டல் பயமுறுத்தும், பொருள் எளிது.

6. யாருக்கு முன், யாருக்குப் பின்: தாளில் இருபக்கமும் நிரப்புங்கள்

நடுவில் கோடு போட்ட தாளை எடுங்கள். இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். வம்சாவளியின் வேலையில் பாதி இதுதான்.

'ரெலிக்தா' என்றால் விட்டுச்செல்லப்பட்டவள், விதவை. ஆங்கிலத் தாளில் இது 'ரெலிக்ட்' என்று வரும். அவள் பெயர் இடப்பக்கம் போகும்: கணவன் இறந்த அன்று உயிரோடு இருந்தாள். அவள் இறந்தபோது எழுதிய பதிவில் 'இன்னாரின் ரெலிக்ட்' என்று வந்தால் அந்தக் கணவன் வலப்பக்கம்.

'குவோந்தாம்' அல்லது 'ஓலிம்' முன்னாள் என்று பொருள்படும். 'ஃபிலியுஸ் குவோந்தாம் அந்தோனீ' என்றால் காலஞ்சென்ற அந்தோணியின் மகன். அந்தோணியின் இறப்புப் பதிவு உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். ஆனால் இந்த ஒற்றைச் சொல் அவர் இன்ன தேதிக்குள் இறந்துவிட்டார் என்று எல்லை கட்டித் தருகிறது.

'போஸ்துமுஸ்' அப்பா இறந்த பிறகு பிறந்த பிள்ளை. ஆங்கிலத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் வருவதால் இதை இரண்டாம் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதைக் கண்டால் அப்பாவின் இறப்பு, பிள்ளை பிறந்த தேதிக்கு முந்தைய ஒன்பது பத்து மாதத்துக்குள் இருக்கும். தேடும் இடம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள். ரோமச் சட்டத்தில் 'நாஸ்கிதுருஸ்' என்ற சொல்லும் இருக்கிறது, வயிற்றில் இருக்கும் பிள்ளை. உயிரோடு பிறந்தால் அதற்கும் அப்பா சொத்தில் பங்குண்டு என்பது தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் இருக்கிறது. எஸ்டேட் ஃபைலில் இந்தச் சொல் வந்தால் அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குடும்ப மரங்களில் வரும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் இரண்டு. டி.எஸ்.பி. என்பது 'தெசெசித் சினே ப்ரோலே', சந்ததி இல்லாமல் இறந்தார். டி.வி.பி. என்பது 'தெசெசித் வீதா பாத்ரிஸ்', அப்பா உயிரோடு இருக்கும்போதே இறந்தார். முதலாவதைப் பார்த்ததும் 'கல்யாணம் ஆகாதவர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கல்யாணமாகி மனைவி இருந்திருக்கலாம், பிள்ளை பிறந்து முன்பே இறந்தும் இருக்கலாம். மணமாகாதவருக்குத் தனிச்சொல் உண்டு: 'கேலெப்ஸ்'.

7. எஸ்டேட் ஃபைலை டெத் நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள்

ஃபைலைத் திறந்ததும் உயிலைத் தேடாதீர்கள். டெத் நோட்டீஸை முதலில் படியுங்கள். இது இறப்புச் சான்றிதழ் அல்ல. நெருங்கிய உறவினர் மாஸ்டருக்குக் கொடுக்கும் படிவம். 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், துணைவர், பிள்ளைகள், முன்பே இறந்த பிள்ளைகள் எல்லாம் இதில்தான் வரும். ஆறாவது படித் தாளின் இருபக்கமும் இதிலிருந்தே நிரம்பிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கீழே கையெழுத்துப் போட்டவர் யார்? மருமகன் சொன்ன மாமனாரின் அப்பா பெயரை மகள் சொன்ன அளவுக்கு நம்ப முடியாது.

அடுத்து, நியமனக் கடிதத்தில் 'எக்ஸிக்யூட்டர்' (சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்) என்பதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'டெஸ்டமென்டரி' என்றால் உயிலிலேயே பெயர் சொல்லி நியமித்தவர். 'டேட்டிவ்' என்றால் மாஸ்டர் நியமித்தவர். 'டேட்டிவ் என்பவர் யார், வெள்ளைக்காரரா?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். லத்தீனில் 'கொடுக்கப்பட்ட' என்று பொருள். இந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் உயில் இல்லை, அல்லது உயிலில் எக்ஸிக்யூட்டர் பெயர் இல்லை. ஃபைலில் உயிலைத் தேடி நேரம் போக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

உயில் இல்லாமல் இறந்தால் 'ஆப் இன்டெஸ்தாதோ' என்று வரும். அதோடு சேர்ந்து வருவது 'பெர் ஸ்திர்பெஸ்', கிளைவழிப் பங்கு. முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கும். ஒரு தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள், நடுப்பிள்ளை டி.வி.பி., அவருக்கு இரண்டு மகள்கள் என்று வையுங்கள். பிள்ளைகளுக்குள் மட்டும் பிரியும் சொத்தில் மூத்தவருக்கும் இளையவருக்கும் தலா மூன்றில் ஒன்று, பேத்திகளுக்குத் தலா ஆறில் ஒன்று. 'பெர் காபிதா' என்றால் தலைக்கு ஒன்று, நால்வருக்கும் சமம். இதைத் தலைகீழாகவும் போடலாம்: கணக்குத் தாளில் இருவருக்கு மட்டும் ஆறில் ஒன்று வந்திருந்தால், அவர்கள் முன்பே இறந்த ஒருவரின் பிள்ளைகள். பெயரே எழுதப்படாத அந்த நடுப்பிள்ளையைப் பின்னங்களிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

விபத்தில் இருவர் சேர்ந்து இறந்த குடும்பம் என்றால் 'கொம்மோரியென்தெஸ்' என்ற சொல் வரும். யார் முன்னால் என்று சாட்சி இல்லையென்றால் தென்னாப்பிரிக்கச் சட்டம் இருவரும் ஒரே நேரத்தில் இறந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இளையவர் பின்னால் இறந்ததாகக் கொள்ளும். இரண்டு நாட்டிலும் சொத்து உள்ளவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, மனதுக்குக் கஷ்டமான ஒரு பகுதி. பழைய ஃபைல்களில் 'இந்து முறைப்படி மணம்' என்று எழுதி, மனைவியை மனைவி என்று சொல்லாமல், பிள்ளைகளைச் 'சட்டப்படி அல்லாதவர்' என்று குறித்திருப்பார்கள். கோயில் பதிவேட்டில் 'ஃபிலியுஸ் நாதுராலிஸ்' என்று இருக்கும். இதைப் படித்துவிட்டு ஃபைலை மூடிவைத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மூடாதீர்கள். பதிவு செய்யாத நம் கல்யாணத்தைச் சட்டம் ஏற்காததால் வந்த சொல் அது. மஞ்சள் கயிறு கட்டி, ஊர்கூடி நடந்த கல்யாணம்தான் அது. பாதுகாவலரின் திருமணப் பதிவேட்டில் அதே ஜோடியை எண் வைத்துத் தேடுங்கள், பல சமயம் அங்கே பதிவாகியிருக்கும். 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம், உயில் இல்லாத சொத்தில் இந்து முறைப்படி மணந்தவளும் மனைவிதான் என்று தீர்ப்பளித்தது. உங்கள் மரத்தில் அவளை மனைவி என்றே எழுதுங்கள். ஃபைலில் இருந்த சொல்லைக் குறிப்பில் போட்டுக்கொண்டால் போதும்.

8. ஒரு வரியை முழுதாக உடைத்துப் பாருங்கள்

பயிற்சிக்காக நானே அமைத்த வரி இது:

'டியே 14 10-பிரிஸ் 1898 ஒபியிட் பெத்ருஸ், ஃபிலியுஸ் குவோந்தாம் அந்தோனீ, அன்னோ எதாதிஸ் சுயே 36, ரெலிக்தா உக்சோரே மரியா. செபுல்துஸ் எஸ்த் டியே செகுவென்தி.'

தேதி 1898 டிசம்பர் 14. ஆள் பெத்ருஸ், வீட்டில் இராயப்பனாக இருக்கலாம். 36 நடக்கிறது, நிறைந்தது 35. ஆகவே 1862 டிசம்பர் 15 முதல் 1863 டிசம்பர் 14 வரை எப்போதாவது பிறந்தவர். 'செகுவென்தி' அடுத்த நாள், எனவே அடக்கம் டிசம்பர் 15.

இப்போது தாள். இடப்பக்கம்: மனைவி மரியா. வலப்பக்கம்: அப்பா அந்தோணி. பிள்ளைகளைப் பற்றி வரியில் பேச்சில்லை. அதனால் 'பிள்ளை இல்லை' என்று எழுதக்கூடாது, கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்து தேட வேண்டியவை இரண்டு: 1898-க்கு முன் அந்தோனியுஸ் என்பவரின் இறப்பு, 1898-க்குப் பின் மரியா என்ற விதவையின் மறுமணமோ இறப்போ.

அதே நாளில் மூல வரியை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து, உங்கள் பொருளை அதன் கீழே தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது குரு எழுதியது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாது. பக்கத்தின் ஓரத்தில் பதிவேட்டுப் பெயர், ஆண்டு, பக்க எண், எஸ்டேட் ஃபைல் என்றால் தொகுதி எண்ணும் ஃபைல் எண்ணும். பிறகு முதல் படியில் எழுதிய பெரியவரின் நினைவை எடுத்து, இந்தத் தேதியோடு மாதம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய், மாதச் சுருக்கத்தையும் 'அல்ட்' என்ற சொல்லையும் மறுபடி படியுங்கள்.